டோக்கியோவில் ஒரு சொந்த வீடு

டோக்கியோவிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு பக்கம். முதல் இரண்டு பக்கங்களில் தம் வீட்டுக்காரரைப் பற்றிய புகார். அடுத்த இரண்டு பக்கங்களில் வீட்டைப் பற்றிய கேள்வி. புகாரை நான் பிரசுரிக்கப் போவதில்லை. குடும்பத்தில் கலகம் மூட்டுவது நம் பத்திரிகையின் வேலையல்ல. கேள்வியை மட்டும் எடுத்துக் கொள்கிறேன்.

டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் எதோகாவா என்று ஒரு வார்டு. அதில் நிஷிகசாய் என்று ஒரு பகுதி. 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கம்ப்யூட்டர் வேலைக்காகப் போன நம்மவர்கள் அங்கே ஒருவர் பின் ஒருவராகக் குடியேறினார்கள். இன்று அங்கே துவரம் பருப்பும் புளியும் கடையில் கிடைக்கின்றன. சகோதரியின் குடும்பம் அங்கே பத்து வருஷமாக வாடகைக்கு இருக்கிறது. மாத வாடகை 1,60,000 யென். பத்து வருஷத்துக்குக் கூட்டினால் 1 கோடியே 92 லட்சம் யென். "கூட்டிப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை" என்கிறார். வராதுதான்.

இப்போது இரண்டு வீடுகள் பார்த்திருக்கிறார்கள்.

முதல் வீடு, ஸ்டேஷனிலிருந்து நடந்தால் 6 நிமிஷம். 58 சதுர மீட்டர். கட்டிடம் 1982 மார்ச்சில் கட்டி முடிந்தது. ஆனால் உள்ளே எல்லாம் புதுசு: புதுச் சமையலறை, புதுத் தரை, பளபளவென்று குளியலறை. விலை 3 கோடியே 60 லட்சம் யென். வாங்கிய பிறகு மாதா மாதம் நிர்வாகச் செலவுக்கு 11,000, ரிப்பேர் நிதிக்கு 6,000, ஆக 17,000 யென் கட்ட வேண்டும்.

இரண்டாவது வீடு, ஸ்டேஷனிலிருந்து 13 நிமிஷம். 72 சதுர மீட்டர். 2004-இல் கட்டியது. சுவர்க் காகிதம் மஞ்சளடித்திருக்கிறது, அடுப்பங்கரை பழசு. விலை 5 கோடியே 40 லட்சம். மாதா மாதம் நிர்வாகத்துக்கு 13,000, ரிப்பேர் நிதிக்கு 19,000, ஆக 32,000 யென்.

"அவருக்கு முதல் வீடுதான் பிடித்திருக்கிறது. விலையும் குறைவு, மாதச் செலவும் பாதி என்கிறார். எனக்கு என்னவோ இரண்டாவது வீடு பிடித்திருக்கிறது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வாங்கலாமா? வாங்கினால் எது? பணம் போட்டு வைக்கிற மாதிரியும் ஆகுமா?" இதுதான் கேள்வி.

முதலில், அங்கே இந்த மாதிரி வீட்டுக்கு என்ன பெயர் தெரியுமா? மேன்ஷன்! இங்கிலீஷ்காரனுக்கு மேன்ஷன் என்றால் மாளிகை. நமக்கோ மேன்ஷன் என்றால் திருவல்லிக்கேணியில் பிரம்மசாரிகள் ஈரத் துண்டு உலர்த்துகிற இடம். ஜப்பானியருக்கு மேன்ஷன் என்பது கான்கிரீட்டில் உறுதியாகக் கட்டிய மாடிக் கட்டிடத்தில் ஒரு பங்கு. மரத்திலும் லேசான இரும்பிலும் கட்டிய சின்னக் கட்டிடத்தில் இருப்பது 'அபாத்தோ'. பெயரைக் கண்டு மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

விளம்பரத்தில் வருகிற அளவுகளை மட்டும் புரிந்து கொள்ள வேண்டும். நடை நிமிஷம் ஒன்றுக்கு 80 மீட்டர் என்பது அங்கே விதி. 6 நிமிஷம் என்றால் 480 மீட்டர். 13 நிமிஷம் என்றால் ஒரு கிலோ மீட்டருக்குச் சற்று மேல். வழியில் சிக்னலுக்கு நிற்பதும் மேட்டில் மூச்சு வாங்குவதும் கணக்கில் சேராது. ஊரிலிருந்து வரும் மாமியாரின் முழங்கால் கணக்கு வேறு. ஒரு முறை நீங்களே நடந்து பார்த்துக் கொள்ளுங்கள். பரப்பளவும் அப்படித்தான். விளம்பரத்தில் சுவரின் நடுவிலிருந்து அளந்திருப்பார்கள். ரிஜிஸ்தரில் சுவரின் உட்புறத்திலிருந்து அளந்திருக்கும். இரண்டாவது கணக்கு எப்போதும் சிறியது. வரிச் சலுகைக்குப் பார்ப்பது அந்தச் சிறிய கணக்கைத்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றி விட்டு நுழைவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

முதல் கேள்வி வருஷம். 1978-இல் மியாகி கடலோரத்தில் ஒரு பெரிய பூகம்பம் வந்தது. அதன் பிறகு கட்டிட விதிகளைத் திருத்தினார்கள். 1981 ஜூன் 1 முதல் புது விதி அமலுக்கு வந்தது. மிகக் கடுமையான குலுக்கலிலும் கட்டிடம் இடிந்து விழுந்து மனிதர்களைக் கொல்லக் கூடாது என்பது அதன் நோக்கம். 1995 ஜனவரி 17 விடியற்காலையில் கோபே நகரம் குலுங்கியபோது 6,400 பேருக்கு மேல் மாண்டார்கள். புது விதிப்படி கட்டியவை பழைய கட்டிடங்களைவிட மிக நன்றாகத் தாங்கி நின்றன. அன்று முதல் ஜப்பானில் வீடு வாங்குகிறவர்கள் '1981-க்கு முன்னா, பின்னா?' என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள்.

சகோதரியின் வீட்டுக்காரர் இங்கேதான் ஏமாறப் பார்க்கிறார். '1982-இல் கட்டியது, ஆகவே புது விதி' என்று ஏஜெண்ட் சொல்லியிருக்கலாம். கட்டி முடித்த தேதி இதற்குப் பிரயோஜனமில்லை. கட்டுவதற்கு அனுமதி கிடைத்த தேதிதான் முக்கியம். பல மாடிக் கட்டிடம் எழும்ப ஒரு வருஷம் சாதாரணமாகப் பிடிக்கும். 1982 மார்ச்சில் முடிந்த கட்டிடத்துக்கு 1981 ஜூனுக்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க நிறைய இடமுண்டு. அனுமதித் தேதிக்கு அத்தாட்சி கேளுங்கள். பழைய விதிப்படி கட்டியது என்றால், பூகம்பப் பரிசோதனை செய்தார்களா, பலப்படுத்தினார்களா என்று கேளுங்கள். மாறாத வட்டிக்குக் கிடைக்கும் 'பிளாட் 35' என்ற நீண்ட காலக் கடனுக்கும் இதே தேதியைத்தான் பார்க்கிறார்கள். நாளைக்கு உங்களிடமிருந்து வாங்க வருகிறவரும் இதையே கேட்பார்.

இரண்டாவது கேள்வி தண்ணீர். எதோகாவா வார்டில் நிலத்தில் பத்தில் ஏழு பங்கு கடல் பொங்கும் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கரைகள்தான் காப்பாற்றுகின்றன. 2019-இல் அந்த வார்டு நிர்வாகமே ஒரு வெள்ள அபாயப் படம் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தது. அதன் அட்டையில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'இங்கே இருக்கக் கூடாது!' பெருவெள்ளம் வரும் என்று எச்சரித்தால் வார்டை விட்டே வெளியேறுங்கள் என்று அர்த்தம். தன் ஊரைப் பற்றி இவ்வளவு ஒளிவு மறைவில்லாமல் பேசிய நகர நிர்வாகத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அதே வருஷம் அக்டோபரில் ஹகிபிஸ் புயல் வந்தது. கவாசாகி நகரில் முசாஷி-கொசுகி என்ற இடத்தில் 47 மாடிக் கட்டிடம் ஒன்றின் நிலவறைக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரக் கருவிகள் அங்கேதான் இருந்தன. லிப்ட் நின்றது, குழாயில் தண்ணீர் நின்றது. கோடி கோடியாகக் கொடுத்து வாங்கியவர்கள் கையில் விளக்குடன் படி ஏறினார்கள்.

ஆகவே, நம் வீடு எத்தனையாவது மாடி என்று கேட்பதோடு மின்சார அறை எத்தனையாவது மாடி என்றும் கேளுங்கள். 2020 ஆகஸ்டு முதல், வெள்ள அபாயப் படத்தில் அந்தக் கட்டிடம் எங்கே இருக்கிறது என்று ஒப்பந்தத்துக்கு முன்பே காட்ட வேண்டியது ஏஜெண்டின் கடமை. லைசென்ஸ் பெற்ற ஒருவர் உங்கள் எதிரே உட்கார்ந்து 'முக்கிய விஷயங்கள்' என்ற பத்திரத்தை விளக்குவார். எல்லாம் ஜப்பானிய மொழியில் இருக்கும். தலையை ஆட்டிக் கொண்டே கையெழுத்துப் போடுகிற இடம் அதுவல்ல. பத்திரத்தை இரண்டு நாள் முன்னதாக வாங்கி, மொழி தெரிந்தவரை வைத்துப் படித்து விடுங்கள்.

மூன்றாவது கேள்விதான் பெரிய கேள்வி. மாதா மாதம் கட்டுகிற அந்தப் பணம்.

1962-இல் ஜப்பானில் ஒரு சட்டம் வந்தது. ஒரே கட்டிடத்தில் பலர் பங்கு பங்காகச் சொந்தம் கொண்டாடுவதற்கான சட்டம். அதன்படி வீடு வாங்கியவர் எவரும் அந்தக் கட்டிடத்தின் நிர்வாகச் சங்கத்தில் அங்கத்தினர். 'எனக்குச் சங்கமும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம்' என்று விலக முடியாது. உங்கள் சுவருக்குள் இருப்பது உங்களுடையது. கூரை, வெளிச் சுவர், லிப்ட், மாடிப்படி, பெரிய குழாய்கள் எல்லாம் எல்லோருக்கும் பொது. பால்கனிகூடப் பொதுச் சொத்துதான். உபயோகிக்கும் உரிமை மட்டும் உங்களுக்கு. பக்கத்து வீட்டுப் பால்கனிக்கும் உங்களுடையதற்கும் நடுவில் மெல்லிய தடுப்புப் பலகை இருக்கும். நெருப்புப் பிடித்தால் அதை உடைத்துக் கொண்டு அடுத்த வீட்டு வழியாகத் தப்ப வேண்டும். அதனால் அங்கே பழைய பீரோவை நிறுத்தி வைத்தால் சங்கத்திலிருந்து சீட்டு வந்து விடும்.

பன்னிரண்டு முதல் பதினைந்து வருஷத்துக்கு ஒரு முறை கட்டிடம் முழுவதற்கும் சாரம் கட்டிப் பெரிய ரிப்பேர் செய்வார்கள். ஓட்டை அடைத்து, கூரைக்கு நீர்க்காப்புப் போட்டு, வர்ணம் அடித்து, குழாய் மாற்றி, நாளடைவில் லிப்டையும் மாற்ற வேண்டும். அதற்குச் சேர்ப்பதுதான் ரிப்பேர் நிதி. எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதற்கு அரசாங்கமே 2021-இல் ஓர் உத்தேசக் கணக்கு வெளியிட்டிருக்கிறது. இருபது மாடிக்குக் குறைந்த கட்டிடங்களுக்குச் சராசரியாகச் சதுர மீட்டருக்கு மாதம் 252 முதல் 335 யென் வரை.

இந்தக் கணக்கை நம் இரண்டு வீடுகளுக்கும் போட்டுப் பார்ப்போம். முதல் வீட்டுக்கு, 58 சதுர மீட்டருக்கு, மாதம் 14,600 முதல் 19,400 யென் வரை வேண்டும். கட்டுவதோ 6,000. இரண்டாவது வீட்டுக்கு 18,100 முதல் 24,100 வரை வேண்டும். கட்டுவது 19,000.

வீட்டுக்காரர் 'மாதச் செலவு பாதி' என்று சந்தோஷப்படுகிறாரே, அதன் ரகசியம் இதுதான். சங்கத்தில் ஏற்கெனவே பெரிய தொகை சேர்ந்திருந்தால், அல்லது வேறு வருமானம் இருந்தால் சரி. இல்லாவிட்டால் ரிப்பேர் வருகிற அன்று, வீட்டுக்கு இத்தனை லட்சம் என்று வசூலுக்கு வருவார்கள். இல்லை, ரிப்பேரே நடக்காது. புதுச் சமையலறைக்கு மேலே கூரை ஒழுகும். வீட்டுக்குள் மெருகேற்றுவது விற்கிறவர் கையில் இருக்கிறது. கட்டிடத்தின் குழாய்க்கு மெருகேற்ற ஒருவராலும் முடியாது.

வீட்டு வியாபாரத்தில் அங்கே ஒரு வசனம் வழங்குகிறது: 'மேன்ஷன் வாங்கப் போனால் நிர்வாகத்தை வாங்கு.' அனுபவசாலி எவனோ சொன்னது.

ஆகையால் மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, நீண்ட கால ரிப்பேர்த் திட்டம். இரண்டு, நிதியில் இன்று எவ்வளவு இருக்கிறது, எத்தனை வீடுகள் பாக்கி வைத்திருக்கின்றன என்ற கணக்கு. விற்கிறவர் சங்கத்துக்குப் பாக்கி வைத்திருந்தால் அதை வாங்கியவரிடமே வசூலிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது! நம் ஊரில் வில்லங்கம் பார்க்காமல் மனை வாங்குவோமா? அங்கே இந்தப் பாக்கியும் ஒரு வில்லங்கம். மூன்று, கடந்த சில வருஷங்களின் பொதுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள். இதை அவசியம் படியுங்கள். எந்த மாடியில் ஒழுகுகிறது, யார் வீட்டு நாய் குரைக்கிறது, நிதியை உயர்த்தலாம் என்றபோது யார் எதிர்த்தார்கள், எல்லாம் அதில் இருக்கும். நம் தொடர்கதைகளுக்குக் குறைந்த சுவாரஸ்யம் அல்ல.

எதிர்த்தவர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்து விடாதீர்கள். ஜப்பானியர் இதை 'இரண்டு முதுமைகள்' என்கிறார்கள். கட்டிடத்துக்கும் வயதாகிறது, குடியிருப்பவர்களுக்கும் வயதாகிறது. நாற்பது வயதில் வீடு வாங்கி, கணவனை இழந்து, எண்பது வயதில் பென்ஷனில் காலம் தள்ளுகிற ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். மாதம் 6,000 என்பதை 16,000 ஆக்குவோம் என்றால் அவர் எப்படிக் கை தூக்குவார்? இன்னும் முப்பது வருஷம் வாழ வேண்டிய நீங்கள் உயர்த்தாமல் எப்படி இருப்பீர்கள்? இரண்டு பேர் சொல்வதும் நியாயம். கூரையோ ஒன்று. கட்டிடத்தையே இடித்துக் கட்ட வேண்டுமானால் ஐந்தில் நான்கு பங்கு ஆதரவு வேண்டும் என்பது பொது விதி. கூட்டத்துக்கே வராதவர்களாலும், எங்கே போனார்கள் என்று தெரியாத சொந்தக்காரர்களாலும் பல கட்டிடங்கள் முடங்கிக் கிடந்தன. அதனால் 2025-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் அமல். பூகம்பத்துக்குத் தாங்காத கட்டிடம் போன்றவற்றுக்கு நான்கில் மூன்று பங்கு போதும்.

அடுத்து, 'பணம் போட்டு வைக்கிற மாதிரி ஆகுமா?' என்ற கேள்வி.

1980-களின் கடைசியில் ஜப்பானில் நிலத்தின் விலை இறங்கவே இறங்காது என்று எல்லோரும் நம்பினார்கள். 1990-களின் தொடக்கத்தில் சரிந்தது; பத்து வருஷத்துக்கு மேல் சரிந்து கொண்டே இருந்தது. அந்த ஆனந்தக் காலத்தில் நீகாதா மாகாணத்தின் யுசாவா என்ற பனி ஊரில் விடுமுறைக்கென்று மேன்ஷன்களாகக் கட்டித் தள்ளினார்கள். பின்னாளில் அங்கே ஒரு வீடு 1,00,000 யென்னுக்கே விலைக்கு வந்தது. நம் சகோதரியின் ஒரு மாத வாடகைகூட அல்ல! ஏன் இவ்வளவு மலிவு? வீடு சும்மா பூட்டிக் கிடந்தாலும் நிர்வாகப் பணமும் வரியும் நிற்காது. தலைமுழுகினால் போதும் என்று விற்றார்கள்.

இன்னொரு பக்கம், 2023-இல் டோக்கியோவின் 23 வார்டுகளில் புது மேன்ஷனின் சராசரி விலை 11 கோடியே 48 லட்சம் யென். அதே 2023-இல் எடுத்த கணக்கில் நாடு முழுவதும் ஏறக்குறைய 90 லட்சம் வீடுகள் காலி! ஜனத்தொகை 2008-க்குப் பிறகு குறைந்து வருகிறது. இருக்கிறவர்கள் பெரிய நகரத்தின் ரயில் நிலையத்தைச் சுற்றிக் கூடுகிறார்கள். ஆகவே 'ஜப்பானில் வீட்டு விலை ஏறுமா?' என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எந்த ஸ்டேஷன், எந்தக் கட்டிடம் என்று கேட்டால்தான் பதில் உண்டு.

சம்பளக்காரர்களுக்கு டெலிபோன் செய்து ஓரறை வீடுகளைத் தலையில் கட்டுகிறவர்களும் அங்கே உண்டு. ஒரு கணக்குச் சொல்கிறேன். 2 கோடியே 50 லட்சத்துக்கு வாங்கி 90,000 யென் வாடகைக்கு விடுவதாக வைத்துக் கொள்ளுங்கள். வருஷத்துக்கு 10,80,000. நூற்றுக்கு 4.3 என்று விளம்பரத்தில் போடுவார்கள். நிர்வாகம், ரிப்பேர் நிதி இரண்டுக்கும் 1,44,000, வாடகை வசூலிக்கும் கம்பெனிக்கு 54,000, வரி 60,000, ஒரு மாதம் காலியாக இருந்தால் 90,000. மீதி 7,32,000. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. கடன் வட்டி இனிமேல்தான். 2024 மார்ச்சில் ஜப்பானின் மத்திய பாங்கி பூஜ்யத்துக்குக் கீழே இருந்த வட்டியைக் கைவிட்டது. அதன் பிறகு வட்டி ஏறியிருக்கிறது. மாறும் வட்டிக்குக் கடன் வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. 'வாடகைக்கு நாங்கள் உத்தரவாதம்' என்று சொல்கிற கம்பெனியும், பின்னால் வாடகையைக் குறைக்கும்படி கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

வீட்டில் பெரியவர்கள் கேட்கும் ஒரு கேள்வியையும் விட்டு விடக் கூடாது: வாசல் எந்தத் திசை? ஜப்பானியருக்கும் மனை சாஸ்திரம் உண்டு. ஆனால் ஒரு வேடிக்கை. நமக்கு வடகிழக்கு ஈசானிய மூலை, பூஜைக்கு உகந்தது. அவர்களுக்கு வடகிழக்கு பேய் வருகிற வாசல்! ஒரே மூலையில் நம் சாமியும் அவர்கள் பேயும். எதற்கும், தெற்குப் பார்த்த பால்கனியாக வாங்குங்கள். பனிக்காலத்தில் வெயில் வரும், துணி உலரும், விற்கும்போது நல்ல விலையும் கிடைக்கும். இந்தச் சாஸ்திரத்தில் இரண்டு நாட்டாருக்கும் சண்டையில்லை.

சகோதரிக்கு என் அபிப்பிராயம் இதுதான். இன்னும் ஐந்து வருஷத்துக்குள் ஊர் திரும்புகிற உத்தேசம் இருந்தால் இரண்டு வீடும் வேண்டாம். குறுகிய காலத்தில் விற்றால் லாபத்தின் மேல் வரி ஏறக்குறைய இரட்டிப்பு. வாங்க ஒரு தரகு, விற்க ஒரு தரகு. குடியிருக்க வாங்கிய கடனை வைத்துக் கொண்டு, பாங்கியைக் கேட்காமல் வாடகைக்கு விடவும் முடியாது. வீடு வாங்கியதால் விசாவும் கிடைத்து விடாது. யூ.ஆர். என்ற பொது ஸ்தாபனத்தின் வாடகை வீடுகளில் சாவிப் பணம் கிடையாது, ஜாமீன் கேட்பதில்லை. அங்கே இருந்து கொண்டு பணம் சேர்க்கலாம். பத்து வருஷ வாடகை வீணாகப் போயிற்று என்றும் வருந்தாதீர்கள். கூரையைப் பற்றியும் குழாயைப் பற்றியும் கவலையில்லாமல் தூங்கினீர்களே, அதற்குக் கொடுத்த விலை அது.

அங்கேயே குழந்தையைப் படிக்க வைத்து நிலைக்கப் போகிறீர்களா? அப்படியானால் வாங்கலாம். அங்கே பாங்கி வீட்டுக் கடனோடு பெரும்பாலும் ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸும் சேர்ந்தே வருகிறது. கடன் வாங்கியவருக்கு ஏதாவது ஆகி விட்டால் மீதிக் கடன் தீர்ந்து போகும். குடும்பம் வீட்டில் இருக்கலாம். சொல்லக் கூடாத விஷயம்தான். ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம்.

எது என்றால், இப்போதைக்கு என் ஓட்டு இரண்டாவது வீட்டுக்கு. மஞ்சளடித்த சுவர்க் காகிதத்தை நீங்கள் மாற்றிக் கொள்ளலாம். 1982-ஐ யாராலும் மாற்ற முடியாது. ஆனால் வெள்ளப் படம் இரண்டு வீட்டுக்கும் பொது. அந்த மூன்று காகிதங்களும் வரும் வரை இரண்டாவது வீட்டுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

காகிதங்கள் வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி போட்டு வைத்துக் கொண்டு கணவரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஊரார் குடும்பச் சண்டைகளை அதில் படித்தால், உங்கள் கடிதத்தின் முதல் இரண்டு பக்கத்துக்கும் அவசியம் இல்லாமல் போனாலும் போகலாம். முடிவு எதுவானாலும் எழுதுங்கள்.